தேறல் வினைஞரின் தொழிலும் நெறியும்



காவிரிப் படுகையின் புகழ் நெல்லால் வந்த புகழ். உழுதவரும் விற்றவரும் இலக்கிய மேடைகளில் பேசப்படுகின்றனர். அரிசியைத் தேறலாக்கிய வினைஞர் பேசப்படுவதில்லை. கள் என்றதும் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் நினைவில் எழுவது இயல்பே. ஆனால் வள்ளுவர் கடிந்தது உண்பவரின் மயக்கத்தை. ஆக்கியவரின் அறிவு தனியே எண்ணத்தக்கது.

அவ்வறிவைக் காத்துத் தந்தவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில், மணல் குவித்து மலர் தூவிய மனைவாயிலில் கள் விற்பதற்கு அடையாளமாக ஆடிய கொடியைக் காட்டுகிறார். மட்டு, மது என்னும் இருவகையையும் பிரித்துரைக்கிறார். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலோ, வலைஞர் குடியிருப்பில் தேறல் பிறக்கும் முறையையே விரிக்கிறார்.

முதலில் அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற தட்டிலே பரப்பி ஆறவைக்கின்றனர். பின்னர் அடையைக் கலக்கின்றனர்; நெல்முளையை இடித்துச் சேர்த்தது என்பது உரைவழிப் பொருள். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் வைத்திருந்து, பச்சை வாடை நீங்கியபின் விரலால் அலைத்துப் பிழிகின்றனர்.

இதில் ஒரு படிகூட வீணன்று. திராட்சைச் சாற்றில் சருக்கரை தானே உண்டு. அரிசியில் இருப்பது மாவுப்பொருள். நொதிக்கும் நுண்ணுயிர் அதனை நேரே உண்ணாது. முளைத்த நெல்லிலுள்ள நொதிப்பொருள் மாவினைச் சருக்கரையாக்க வேண்டும். கொதிக்கும் களியில் முளைப்பொடியை இட்டால் அவ்வாற்றல் அழியும். ஆகவேதான் முதலில் ஆற்றுதல், பின்னர்க் கலத்தல். மேலைநாட்டார் பார்லியை முளைகட்டுவதும், சப்பானியர் அரிசியில் பூஞ்சணம் வளர்ப்பதும் இதே தடைக்குக் கண்ட வழிகள். வேதியியல் நூல் இல்லாத காலத்தில் கையும் மூக்கும் நாவும் இவ்வுண்மையைக் கண்டன.

வினைஞரின் நெறியைச் சொற்களே உரைக்கின்றன. நெல்லும் விளைகிறது, சாடியில் தேறலும் விளைகிறது. இரண்டிலும் மனிதன் செய்வது பாதி. காலம் செய்வது மீதி. தேறல் என்பது தெளிந்தது. விரைந்தவனுக்குத் தெளிவு கிட்டாது.

அக்காலத்தில் யவனரின் மதுவும் வந்தது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர் அதனைக் குறிக்கிறார். 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. கடல் கடந்த மது அரசனின் பொற்கலத்தை அடைந்தது. வலைஞரின் அரிசித் தேறலோ, சுட்ட மீனோடு வழிநடந்து களைத்த பாணனுக்குக் கிடைத்தது. அரசனின் மதுவைவிட அந்த விருந்து குறைந்ததன்று.

இன்று அந்தத் தொழில் தமிழ்நாட்டில் வெளிப்படையாக நடப்பதில்லை. கடைகளில் விற்பவை பெரும்பாலும் சருக்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தால் ஆனவை. அவற்றுக்கு ஊரும் இல்லை, பருவமும் இல்லை. அவை குலைத்த குடும்பங்களை எண்ணும்போது, பழந்தொழிலை மீட்க வேண்டும் என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆயினும் தஞ்சை மனைகளில் இரவு நீரூற்றி வைத்த பழையசோறு விடியலில் புளித்து நிற்கிறது. அப்பொறுமையின் ஒரு கூறு அந்தப் பானையில் இன்னும் வாழ்கிறது. பெயரறியா வினைஞரின் கைத்திறனைப் பெயர்பெற்ற புலவர் ஒருவர் பொருட்படுத்திப் பாடினார். அதனைப் பொருட்படுத்திப் படிப்பது தமிழ்ச் சங்கங்களின் கடமை.