படத்தைப் பிரிக்காதீர்கள்



பழைய சித்திரக் கதைப்புத்தகம் கைக்கு வந்ததும் விவரமறிந்த சேகரிப்பாளர் முதலில் படங்களை எண்ணுவார். ஆர்தர் ராக்கம் படம் வரைந்த ‘ரிப் வான் விங்கிள்’ 1905-இல் லண்டனில் வெளிவந்தது. அதில் 51 வண்ணப் படங்கள். ஒன்று குறைந்தாலும் விலை சரிந்துவிடும்.

எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைய மூவண்ண அச்சில் நுண்புள்ளிகள் துலங்க வழவழப்பான பூச்சுத்தாள் வேண்டும். கதை அச்சான தாளோ சொரசொரப்பானது. ஆகவே படத்தைத் தனியே அச்சிட்டு, ஓரத்தில் மட்டும் பசை தடவித் தடித்த தாளில் ஒட்டினார்கள். எட்மண்ட் துலாக்கின் அராபிய இரவுகள் (1907), கே நீல்சனின் நார்வே நாட்டுக் கதைகள் (1914) எல்லாம் இந்த வகைதான். ஒட்டியதைப் பிரிப்பது எளிது. புத்தகத்தைக் கலைத்து, ஒவ்வொரு படத்துக்கும் சட்டம் போட்டு விற்கும் வியாபாரிகள் உண்டு. முழுப் புத்தகத்தைவிட அதில் காசு அதிகம். சுவரில் தொங்கும் அந்தத் தேவதைக்குக் கதை கிடையாது!

சேகரிப்பாளரின் கண் படங்களோடு நிற்பதில்லை. கிரிம் சகோதரர்களின் கதைகள் முதன்முதலில் ஆங்கிலத்தில் நூலானது 1823-இல். படங்கள் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் வரைந்தவை. அதன் தலைப்புப் பக்கத்தில், ஓர் எழுத்தின் மேல் வர வேண்டிய இரண்டு புள்ளிகள் விடுபட்ட பிரதிகளே முதலில் அச்சானவை. அவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். வீண் வேலை என்று எவரும் எண்ண வேண்டாம். குழந்தைகள் கிழித்துப் போட்டது போக எஞ்சிய பிரதிகளை இத்தகைய கண்கள்தாம் காப்பாற்றின.

இனி மனிதர்களுக்கு வருவோம். அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதியர் சேர்த்த சிறுவர் நூல்கள் ஏறத்தாழ 20,000. பீட்டர் 1982-இல் மறைந்தார். தொகுப்பின் மதிப்பு பத்து லட்சம் பவுண்டு. ஏலத்துக்கு விட்டிருந்தால் அது திசைக்கொன்றாய்ச் சிதறியிருக்கும். அயோனா பாதித் தொகையை விட்டுக்கொடுத்தார். மீதியைப் பொதுமக்களிடம் திரட்டி, 1988-இல் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் மொத்தத்தையும் பெற்றது.

எட்கர் ஆஸ்போர்ன் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு நூலகர். மனைவி மேபலுடன் டொராண்டோ சென்றபோது, அங்கே சிறுவர் நூலகம் நடந்த விதம் அவர் மனதைக் கவர்ந்தது. மேபல் மறைந்தபின் அவர் நினைவாக ஏறத்தாழ 2,000 நூல்களை 1949-இல் அந்நகர நூலகத்துக்கே கொடுத்தார்.

இந்த அவையில் இருக்கும் சேகரிப்பாளர்கள் உயில் எழுதும்போது, பழம்புத்தகங்களை ஒரே தொகுப்பாக ஒரு பொதுநூலகத்துக்கு என்று குறிப்பிட்டு எழுதிவையுங்கள். பட்டியலை இப்போதே தொடங்குங்கள்.