போர் தண்ணீரும் ஒரு பெண்ணின் ஆராய்ச்சியும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பக்கத்து வயலில் ஆழமாகப் போர் போட்டால் நம்ம கிணறு வற்றிப்போகுது. அந்தத் தண்ணீர் யாருக்குச் சொந்தம்? 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை எடுக்கும் உரிமையை நிலத்துக்காரருக்குத் தருகிறது. அப்படியென்றால் நிலமே இல்லாமல் குடம் தூக்கும் பெண்ணுக்கு? இது சட்டக் கேள்வி மட்டுமல்ல. காசுக் கேள்வியும் நியாயக் கேள்வியும்கூட.

இதே மாதிரி ஒரு சிக்கலை டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் எலினார் ஆஸ்ட்ரம். பள்ளியில் அவரை மேல்கணக்குப் படிக்க விடவில்லை, பெண் என்பதால். அதனால் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைக்கவில்லை. அரசியல் துறையில் சேர்ந்தார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கடலோரத்தில் தண்ணீர்க் கம்பெனி, ஆலை, நகராட்சி என்று எல்லோரும் போட்டி போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். கடல்நீர் உள்ளே புகுந்தது. ஒருத்தர் மட்டும் குறைத்தால் அவருக்குத்தான் நஷ்டம். மிச்சத்தை இன்னொருத்தர் எடுத்துக்குவார். அதனால் யாரும் குறைக்கவில்லை.

1945-ல் வழக்குப் போட்டார்கள். 1946-ல் சங்கம் சேர்த்தார்கள். பேசிப் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று 1955-ல் குறைத்துக்கொண்டார்கள். 1961-ல் கோர்ட் அதைத் தீர்ப்பாக்கியது. யார் எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கு எல்லோர் பார்வைக்கும் வந்தது. கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீரைச் செலுத்தி உப்புநீரைத் தடுத்தார்கள்.

இதை எழுதி 1965-ல் டாக்டர் பட்டம் வாங்கினார் எலினார். பிறகு பல நாடுகளின் மேய்ச்சல் நிலம், காடு, வாய்க்கால் என்று ஆராய்ந்தார். 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் கண்டது என்ன? பொதுச்சொத்தை அனுபவிப்பவர்களே விதி போடணும். கணக்கு எல்லோருக்கும் தெரியணும். தப்புக்கு முதலில் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் பெரிசு. சண்டை தீர்க்கப் பக்கத்திலேயே இடம் வேணும். அரசும் அந்த விதியை மதிக்கணும். இதெல்லாம் இல்லாத ஊர்களில் பொதுச்சொத்து அழிந்ததையும் அவர் எழுதினார்.

சந்தா, தீர்மானப் புத்தகம், தாமதத்துக்கு அபராதம் என்று நாம் பணத்துக்குச் செய்வது இதுதானே? தண்ணீருக்கு ஏன் செய்யக்கூடாது? அடுத்த கிராம சபையில் ஊரில் எத்தனை போர், எத்தனை அடி ஆழம் என்ற கணக்கை முதலில் கேட்போம். நிலம் இல்லாத நம்ம உறுப்பினர்களும் உட்கார்ந்து கேட்கட்டும். குடிக்கிற தண்ணீரில் அவங்களுக்கும் பங்கு உண்டு.