பல வாயில்களும் ஒரு சாளரமும்



மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிகின்ற இடமாகச் சிலப்பதிகாரம் நம் கொடும்பாளூரைக் காட்டுகிறது. மூவர் கோயிலைக் காண வருவோரிடம் இதனைப் பெருமையுடன் கூறுகிறோம். ஆனால், ஒரு சாதிச் சான்றிதழுக்காக நம் பெற்றோர் நடந்த வழிகள் மூன்றல்ல, முப்பது எனலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என வாயில்தோறும் காத்து நிற்றல் வேண்டும். நான் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் என் தந்தையார் ஓர் அலுவலகத்திற்கு ஆறு முறை சென்றார். "ஐயா முகாமுக்குப் போயிருக்கிறார்" என்னும் விடையே ஐந்து முறை கிடைத்தது. ஆறு நாள் கூலி போயிற்று.

பல வாயில்களை ஒன்றாக்கும் எண்ணம் ஏழைகளுக்காகப் பிறந்ததன்று, வணிகருக்காகப் பிறந்தது. சிங்கப்பூரில் 1989 ஜனவரி முதல் நாள் 'டிரேட்நெட்' தொடங்கியது. துறைதோறும் தாள்களைக் கொடுத்து நாள்கணக்கில் காத்திருந்த வணிகர், ஒரே மின்வழி விண்ணப்பத்தால் சில நிமிடங்களில் இசைவு பெற்றனர். நம் நாட்டுச் சுங்கத்துறை 2016 ஏப்ரலில்தான் ஒற்றைச் சாளர முறைக்கு வந்தது.

அதற்கு முன்பே, 2001-இல், இதே நெடுஞ்சாலையில் உள்ள மேலூர் வட்டத்தில் சிற்றூர்க் கணினி மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்தோரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தாரும் முனைந்த திட்டம் அது. சான்றிதழ் விண்ணப்பங்கள் மின்னஞ்சலில் வட்டாட்சியர் அலுவலகம் சென்றன. மையங்களை மிகுதியாகப் பயன்படுத்தியோர் படித்த, வசதியுள்ள வகுப்பு இளைஞர்களே என ஆய்வாளர் பின்னர் கண்டனர். எனினும், நம் மக்களின் குடியிருப்புக்கு அருகில் மையம் அமைந்த இடங்களில் நம்மவரும் வந்தனர். நாம் ஊன்றி நினைக்க வேண்டிய செய்தி இது. ஆர்வமுள்ள அதிகாரிகள் மாறுதலாகிச் செல்லவே, அரசுச் சேவை அங்கே நலிந்தது.

2006-இல் தேசிய மின்னாளுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றது. இன்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய் செலுத்தி விண்ணப்பித்தால், மின் கையொப்பமிட்ட சான்றிதழ் கிடைக்கிறது. நன்று. ஆயினும், சாளரத்தின் பின்னே அதே கிராம நிர்வாக அலுவலரும் அதே வட்டாட்சியருமே அமர்ந்துள்ளனர். அவர்கள் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. என் தந்தையார் அலுவலரின் முகத்தையேனும் கண்டு கேட்டார். இன்று 'நிராகரிக்கப்பட்டது' என்னும் ஒரு சொல்லைக் கண்டு பிள்ளை திரும்பி விடுகிறான். விண்ணப்ப எண்ணைக் கொண்டு காரணத்தைப் பாருங்கள். விளங்காவிடில் அலுவலகத்திற்கே சென்று கேளுங்கள்.

என் அனுபவத்தில் பெருந்தடை பெயர்ப் பிழையே. பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு தலைப்பெழுத்து. இவற்றுள் சில எம்மனோர் பேனாவால் விளைந்தவை என்பதை ஆசிரியன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். மற்றொன்று, கைப்பேசி எண். பெற்றோரிடம் கைப்பேசி இல்லையென்று மையத்தாரின் எண்ணையோ உறவினரின் எண்ணையோ கொடுத்து விடுகின்றனர். கடவுஎண் அங்கே செல்கிறது. பிள்ளையின் உதவித்தொகை இங்கே நின்று விடுகிறது.

1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது இம்மாவட்டப் பெண்கள் சைக்கிள் ஏறக் கற்றதைக் கண்டவன் நான். இவ்விண்ணப்பமும் அதனினும் கடினமானதன்று. வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு நம் சங்கக் கட்டடத்தில் கணினியுடன் அமர்ந்திருப்பேன். பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றும் எடுத்து வருக. பெயர்களை முதலில் ஒத்துப் பார்ப்போம்.