வால்வு எங்கே இருக்கு, தெரியுமா?

பனிக்காலத்தில் வீட்டுக் குழாயைக் காப்போம்

(நீலகிரி மேட்டுப்பகுதிக் குழுக்களுக்கான மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சேமிப்பு, கடன், வட்டி பற்றிப் பேசப் போவதில்லை. தண்ணீர்க் குழாய் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கு ஒரு பேச்சா?" என்று நினைக்காதீங்க. முதலில் ஒரு கேள்வி. உங்க வீட்டுக்கு வர்ற குழாய்க்கு வால்வு எங்கே இருக்குன்னு தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க, பார்ப்போம்.

(ஒரு சிலர் மட்டும் கை தூக்கினர்.)

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போன பனிக்காலம் வரை எங்களுக்கும் தெரியாது. சமூகப்பணி படித்தோம், கேட் வால்வை எந்தப் பக்கம் திருப்பணும்னு யாரும் சொல்லித் தரலை. ஒரு ஊரில் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டோம். அதைச் சொல்கிறோம், கேளுங்க.

ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளத்தில் இருக்கிற சின்ன ஊர். ஒரே தொட்டியிலிருந்து 14 வீட்டுக்குத் தண்ணீர். ராத்திரி கடுமையான உறைபனி. காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. "மோட்டார் போடலை போல" என்று சொல்லிவிட்டு ஆண்கள் வேலைக்குப் போனாங்க, பெண்கள் கொழுந்து எடுக்கப் போனாங்க. ஊரில் இருந்தது வயசான இரண்டு அம்மாமார், கைக்குழந்தையோடு ஒரு தாய்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது. குழாய்க்குள் உறைந்திருந்தது இளகியது. அப்போதுதான் தெரிந்தது, குழாய் மூன்று இடத்தில் பிளந்து கிடக்கிறது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. வால்வு புதருக்குள் எங்கேயோ இருக்கு. கண்டுபிடித்தும் தொடப் பயம். "நாம திருப்பி உடைஞ்சு போச்சுன்னா யார் பதில் சொல்றது? அது ஆம்பளைங்க வேலையாச்சே." பாத்திரத்தில் பிடித்தது போக மீதியெல்லாம் ஓடி, மதியத்துக்குள் தொட்டி காலி.

அன்றைக்குக் குழுக் கூட்டத்துக்காக நாங்கள் போயிருந்தோம். கூட்டம் எங்கே நடந்தது? ஒரே சண்டை. யார் வீட்டு வாசலில் உடைந்தது, யார் செலவு செய்வது என்று. நான்கு நாள் ஊற்றிலிருந்து குடம் சுமந்தாங்க. குடம் சுமந்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலே இரண்டு பேருக்குக் கூலியும் போச்சு.

குழாய் ஏன் உடைகிறது?

தண்ணீர் உறையும்போது விரியும். 100 லிட்டர் தண்ணீர் கட்டியானால் ஏறக்குறைய 109 லிட்டர் இடம் கேட்கும். குழாயில் ஒரு இடத்தில் கட்டி பிடித்துவிட்டால், அந்தக் கட்டிக்கும் மூடியிருக்கிற பைப்புக்கும் நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். கட்டி வளர வளர அந்தத் தண்ணீரை நெருக்கும். போக வழியில்லாமல் குழாய் பிளக்கும். அதனால்தான் கட்டி ஒரு இடத்திலும் பிளவு இன்னொரு இடத்திலும் இருக்கும். கட்டி இளகும் வரை அடைப்பாக இருப்பதால் ஒழுகுவதும் தெரியாது.

நம் மலையில் நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கும்போது இந்த ஆபத்து வரும். மேகம் இல்லாமல் வானம் வெளுத்து, காற்று அசையாத ராத்திரிதான் மோசம். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தள் பக்கம் புல்வெளி வெள்ளையாகும்போது மேட்டில் உள்ள ஊரில் ஒன்றுமே இருக்காது. இன்னொன்று, செய்தியில் சொல்லும் வெப்பநிலை ஆள் உயரத்தில் அளப்பது. புல் தரை அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். செய்தியில் 2 டிகிரி என்றால் தரையில் கிடக்கும் ஓஸ் பைப் உறைந்திருக்கலாம்.

மண்ணுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் போகும் குழாய்க்கு நம் ஊர்ப் பனியில் பயமில்லை. தரைமேல் போகிற மெல்லிய குழாய், வாசல் பைப், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், இவைதான் மாட்டும்.

குளிர் ஊருக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் வெயிலுக்குப் பேர்போனது. 2021 பிப்ரவரியில் அங்கே எதிர்பாராத கடுங்குளிர் வந்தது. மின்சாரம் போய், வீட்டுக்கு வீடு குழாய் வெடித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தண்ணீருக்குத் திண்டாடினார்கள். பணக்கார நாடுதான். ஆனால் வெயிலை நினைத்துக் கட்டிய வீடுகள், குளிரை நினைத்துப் போர்த்தாத குழாய்கள். நாமும் அப்படித்தானே? "எல்லா வருஷமும் வர்ற பனிதானே" என்று இருந்துவிடுகிறோம். ஒரு வருஷம் பனி கூடுதலாக அடித்தால் மாட்டிக்கொள்கிறோம்.

சாயங்காலம் பத்து நிமிஷ வேலை

1. வால்வை மூடுங்க. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால் மூடும். ரொம்ப நாள் தொடாத வால்வு இறுகியிருக்கும். பனிக்கு முன்பே ஒருமுறை திறந்து மூடிப் பாருங்க. பலம் போட்டு முறுக்காதீங்க. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று பழக்குங்க.

2. குழாயைக் காலி செய்யுங்க. வால்வை மூடிய பிறகு, தாழ்வாக உள்ள பைப்பைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்க. மேலே உள்ள பைப்பையும் திறந்தால்தான் காற்று புகுந்து முழுசாக வடியும். அதைப் பாத்திரத்தில் பிடித்து வைத்தால் காலைச் சமையலுக்கு ஆச்சு. தண்ணீரே இல்லாத குழாயில் உறைய என்ன இருக்கு?

3. வால்வு இல்லாத வீட்டில், கடைசிப் பைப்பை நூல் மாதிரித் தண்ணீர் விழுமளவு திறந்து, கீழே அண்டா வையுங்க. ஓடும் தண்ணீர் சீக்கிரம் உறையாது.

4. வெளியே தெரியும் குழாய்க்குச் சட்டை போடுங்க. பழைய சாக்கு, கிழிந்த கம்பளி, பழைய சேலை எதுவானாலும் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கயிற்றால் கட்டுங்க. அதன்மேல் உரச் சாக்கோ பிளாஸ்டிக் தாளோ கட்டாயம் போடுங்க. சாக்கு நனைந்தால் குழாயை இன்னும் குளிர வைக்கும். வளைவு, இணைப்பு, பைப்புக் கழுத்து, இந்த இடங்களை விடாதீங்க.

5. தோட்டத்து ஓஸ் பைப்பைக் கழற்றி, தண்ணீரை வடித்துச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்க.

உறைந்துவிட்டால்?

முதலில் வால்வை மூடுங்க. அடுத்து பைப்பைத் திறந்து வையுங்க. பிளவு இருக்கான்னு குழாய் நெடுகப் பாருங்க. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைப் பைப்புப் பக்கமிருந்து ஆரம்பித்துத் தொட்டிப் பக்கமாக ஒற்றி ஒற்றிக் கொண்டு போங்க. இளகிய தண்ணீர் வெளியே வர வழி இருக்கணும்.

கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீங்க. ஒரு சகோதரி அப்படிச் செய்து குழாயும் பிளந்து காலும் வெந்தது. சருகைக் கொளுத்திக் காட்டுவதும் வேண்டாம், பி.வி.சி. குழாய் உருகும், பக்கத்தில் இருப்பதும் பற்றும். அவசரமில்லை என்றால் வெயிலே இளக்கிவிடும். தண்ணீர் திரும்ப விடும்போது வால்வை மெதுவாகத் திறங்க. ஒழுகினால் உடனே மூடிவிடலாம்.

குழு செய்ய வேண்டியது

அந்த ஊர்க் குழு இப்போது என்ன செய்கிறது தெரியுமா? சண்டை முடிந்து, அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் மூன்று தீர்மானம் எழுதினாங்க. வால்வைச் சுற்றிப் புதரை வெட்டி, கல்லுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பது. பனி நாட்களில் சாயங்காலம் மூடி, காலையில் திறக்க வாரம் ஒரு வீடு என்று முறை வைப்பது. பொதுக்குழாய் உடைந்தால் யார் வாசல் என்று பார்க்காமல் 14 வீடும் சமமாகச் செலவு போடுவது. முதல் வார முறையை எடுத்தது, அன்றைக்கு வால்வைத் தொடப் பயந்த அதே அம்மாதான். "இவ்வளவுதானா? இதுக்கா அன்னிக்கு நடுங்கினோம்?" என்று கேட்டாங்க.

சகோதரிகளே, வங்கிக்குப் போகப் பயந்தோம், இன்றைக்குப் போகிறோம். அதிகாரி முன்னால் உட்காரப் பயந்தோம்; இன்றைக்கு உட்கார்ந்து பேசுகிறோம். குழாய் உடைந்தால் குடம் சுமப்பது நாம்தான் என்றால், வால்வைத் திருப்புவதும் நம் கையில் இருக்கட்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அடுப்பு பற்ற வைக்கும் முன் வால்வைத் தேடுங்க. வீட்டில் உள்ள பெண் பிள்ளைகளுக்கும், பெரியவங்களுக்கும் காட்டுங்க. அடுத்த கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்போம். எல்லாக் கையும் மேலே வரணும்.