பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறி வந்த கவிஞர்களுக்கு இது குறிஞ்சி நிலம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குறிஞ்சித் திணையின் உரிப்பொருள் புணர்தலும் புணர்தல் நிமித்தமும். தினைப்புனம் காத்துக் கிளி கடியும் தலைவி இளையவள். அவளுடைய கூந்தலும் கண்ணும் நுதலும் தோளும் நூற்றுக்கணக்கான பாடல்களில் பாடப்பெற்றுள்ளன. அவளே பின்னர் மருதத்தில் ஊடுகிறாள், முல்லையில் காத்திருக்கிறாள், புதல்வனைப் பெறுகிறாள். அதற்குப் பிறகு அவள் எங்கே போகிறாள்? நற்றாயாகவோ செவிலியாகவோ மகளின் கதையில் ஓரமாக நிற்கிறாள். நாற்பத்தைந்து வயதில் முதல் நரையைக் கண்ட நாளில் அவள் என்ன நினைத்தாள் என்பதைப் பாடிய அகப்பாடலைத் தேடிக் காண்பது அரிது.

நடுவயதில் பெண் தன் தோற்றத்தின்மீது இழந்த நம்பிக்கையை மீட்டுக்கொள்வது அழகு நிலையத்தின் வேலை என்றே பலரும் எண்ணுவர். கவிதை அரங்கில் அதற்கு என்ன இடம் என்று கேட்போரும் உண்டு. ஆனால், மேடையேற அஞ்சும் பெண் கவிஞர் தம் கவிதையை நினைத்து மட்டுமே அஞ்சுவதில்லை. உடல் பருத்தது, முகம் கறுத்தது, வகிடு வெளுத்தது என்று தயங்கி, அழைப்பு வந்தும் வராமல் இருந்துவிடுவோர் உண்டு. மலருக்குப் படம் கேட்டால் இருபதாண்டுகளுக்கு முந்தைய படத்தை அனுப்புவோரும் உண்டு. ஒரு தயக்கத்தால் ஒரு குரல் அரங்குக்கு வராமல் போகிறது என்றால், அது இலக்கியத்தின் இழப்பே ஆகும்.

ஏழு பருவமும் ஒரு வெற்றிடமும்

உலா இலக்கியம் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுக்கிறது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா முதல் ஒட்டக்கூத்தரின் மூவருலா வழியாகப் பிற்கால உலாக்கள் வரை இவ்வரிசை மாறவில்லை. பொதுவாக வழங்கும் கணக்கின்படி பேதைக்கு 5 முதல் 7 வயது. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வயது. அத்துடன் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. நாற்பது வயதுப் பெண்ணையும் 'இளம்பெண்' என்றே சொல்லி, அதற்கு முன் 'பேர்' என்னும் அடைமொழியைச் சேர்த்த நாகரிகம் ஒன்று. உலாவரும் தலைவனைக் கண்டு மயங்கும் உரிமை பேரிளம்பெண்ணுக்கும் உண்டு. அவளுடைய அணியும் ஆடையும் புலவரால் விரித்துரைக்கப்படுகின்றன. இது மகிழ்ச்சிக்குரியது. மற்றொன்று, நாற்பத்தொன்றாம் வயதில் அவளுக்குப் பெயரே இல்லை என்பது. அடுத்து அவளுக்குக் கிடைக்கும் பெயர் மூதாட்டி. பேரிளம்பெண்ணுக்கும் மூதாட்டிக்கும் இடையே இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கிடக்கின்றன. ஒரு பெண் தொழிலிலும் அறிவிலும் நிறைவு பெறும் ஆண்டுகள் அவை. அவற்றுக்கு இலக்கணம் ஒரு சொல்லும் தரவில்லை. பெயரில்லாத பருவத்தில் நிற்பவள் தன் உருவத்தை எந்தச் சொல்லால் எண்ணிப் பார்ப்பாள்?

நரையைப் பற்றித் தமிழில் மிகுதியும் எடுத்துக்காட்டப்படும் பாட்டு பிசிராந்தையாருடையது. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டவர்க்கு அவர் தந்த விடை புறநானூற்றில் 191ஆம் பாட்டாக உள்ளது. மாண்புடைய மனைவி, நிரம்பிய மக்கள், தம் எண்ணம் போல் நடக்கும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் வேந்தன், ஊர் நிறைந்த சான்றோர் என்று அவர் காரணங்களை அடுக்குகிறார். தோற்றம் என்பது ஒருவரின் தனியுடைமை அன்று. அவரைச் சூழ்ந்திருப்போர் அவருக்குத் தருவது என்னும் பேருண்மை அதில் அடங்கியுள்ளது. ஆயினும் பாட்டைப் படித்து முடித்தபின் ஒரு கேள்வி எழாமல் இராது. அவர் நரைக்காமல் இருந்ததற்கு முதற்காரணமாகச் சொல்லப்படும் அந்த மனைவியின் கூந்தல் எப்படி இருந்தது? அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை.

உருவத்தை விலையாகத் தந்தவர்கள்

பெண்ணின் சொல்லை அவை கேட்க வேண்டுமானால் அவள் தன் உருவத்தைத் துறந்தாக வேண்டும் என்ற எண்ணம் பிற்கால மரபில் வேரூன்றியது. இருவர் வரலாறு அதற்குச் சான்று. காரைக்கால் புனிதவதியாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். கணவன் தம்மைத் தெய்வமென்று வணங்கி விலகியபின், அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று வேண்டி, தசையை உதறிப் பேயுருக் கொண்டார் அம்மையார். ஔவையைப் பற்றிய கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. திருமணத்தைத் தவிர்க்க விநாயகரை வேண்டி, இளமையிலேயே முதுமையைப் பெற்றார் என்பது அக்கதை. ஒருவர் இளமையிலிருந்து பேயுருவுக்கும், மற்றவர் இளமையிலிருந்து முதுமைக்கும் ஒரே தாவலில் போகின்றனர். இடைப்பட்ட நடுவயது இங்கும் விடுபட்டுப் போகிறது.

இவற்றை வெறும் இழப்பாக மட்டும் கொள்வதற்கில்லை. தம் உருவத்தைத் தாமே முடிவு செய்த பெண்கள் இவர்கள். வற்றிய மார்பும் துருத்திய எலும்பும் கையில் தாளமுமாக அம்மையாரை வார்த்த சோழர்காலச் சிற்பி, அந்த உருவில் அழகைக் கண்டான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சாஸ் நகரத்து அருங்காட்சியகத்திலும் இன்று அச்செப்புத் திருமேனிகளின் முன் நிற்போர் அதை உணர்வர். ஆனாலும் உரிமைக்கு உருவமே விலை என்பது கொடிய வணிகம்.

அந்த விலையைக் கொடாத ஒருவர் இம்மலைக்கு வடக்கே, தகடூரில் வாழ்ந்த அதியமானின் அவையில் இருந்தார். இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். சங்க ஔவையார் பாடியனவாக 59 பாடல்கள் கிடைத்துள்ளன. புறநானூற்று 89ஆம் பாட்டில், பகை மன்னன் ஒருவன் தம்மை விறலி என்று விளித்துப் போர் செய்வோர் உம் நாட்டில் உண்டோ என வினவியதைச் சொல்கிறார். அந்த விளியில் அணிகலன் வருகிறது. மையுண்ட கண் வருகிறது. ஒளிவிடும் நெற்றி வருகிறது. அத்தோற்றத்தோடு நின்றுகொண்டே அவர் மாற்றானுக்கு அச்சமில்லாத விடையைத் தருகிறார். அதியமான் இறந்தபோது பாடிய 235ஆம் பாட்டிலோ, புலால் நாறும் தம் தலையை நரந்தம் மணக்கும் தன் கையால் அவன் தடவிக்கொடுத்ததை நினைந்து அழுகிறார். தலை நாறுவதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. மைதீட்டியதைச் சொல்லவும் கூச்சமில்லை. இந்தத் தன்னம்பிக்கைதான் பிற்காலத்தில் தொலைந்துபோனது. பல ஔவையர் ஒருவராகக் கலந்து, கோலூன்றிய கிழவியாக நிலைத்தபோது, தகடூரின் விறலி மறைந்துபோனார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தபோதும் அங்கே நின்றவர் மூதாட்டியே.

கொடுமுடியின் வெண்மை

மலைக்குத் தென்மேற்கே காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். வறுமையில் வளர்ந்து, நாடக மேடையில் குரலால் உயர்ந்து, எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தவர். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து அவர் உடுத்தது வெண்ணிறக் கதர். நெற்றியில் இட்டது திருநீறு. ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

வெள்ளைப் புடைவையைக் கைம்பெண்ணுக்கு விதித்தது ஊர் வழக்கம். அதனுள் கதரைக் கொண்டு வந்தது அவருடைய தேர்வு. காங்கிரஸ் மேடைகளில் பாடிய அவருக்குக் கதர் விடுதலை இயக்கத்தின் ஆடை. துக்கத்தின் குறியாக விதிக்கப்பட்ட வெண்மை, அவர் உடுத்தியபோது ஒரு கொள்கையின் குறியாகவும் ஆயிற்று. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது திரையுலகம் இன்றும் வியந்து சொல்லும் செய்தி. இணை நடிகரோடு நடிக்க மறுத்த ஒரு பெண், அந்த மறுப்போடேயே அரங்குக்குத் திரும்ப ஒரு வழியைக் கண்டார்.

1940இல் 'மணிமேகலை' வந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் படமில்லை. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' வெளிவந்தபோது அவருக்கு வயது 44. படத்தில் இளம் ஔவையாக நடித்தவர் குசலகுமாரி. அவர் விநாயகரை வேண்ட, முதுமை வந்து சேர, திரையில் சுந்தராம்பாள் தோன்றுகிறார். கதையில் நடுவயது இல்லை. ஆனால் அந்த வேடத்தைத் தாங்கியவர் நடுவயதின் நடுவே நின்ற ஒரு பெண். உலா இலக்கணம் விட்ட வெற்றிடத்தில் நின்றுதான் அவர் பாடினார். தமிழகம் கேட்டது.

பின்னர் 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகளாகவும், 'திருவிளையாடல்' (1965) படத்தில் மீண்டும் ஔவையாகவும் வந்தார். 'துணைவன்' (1969) படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். 1970இல் பத்மஸ்ரீ வந்தது. 1980இல் மறையும்வரை அவருடைய தோற்றம் மாறவில்லை. இன்றும் அவரை நினைப்போர் நெஞ்சில் குரலுக்கு முன்னே அந்த வெண்மையும் திருநீறும் எழுகின்றன. தனக்கென ஒரு தோற்றம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இதை முழுவதும் வெற்றி என்று கொண்டாடிவிடவும் கூடாது. இருபத்தைந்து வயதில் வண்ணத்தை இழந்த பெண் அவர். அவ்வண்ணத்தை அவர் விரும்பித் துறந்தாரா, வழக்கத்துக்குப் பணிந்து துறந்தாரா என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. மனைவியை இழந்த ஆணுக்கு எந்த ஊரும் ஆடை விதித்ததில்லை. சுந்தராம்பாளின் பெருமை வெள்ளையை உடுத்தியதில் இல்லை. தமக்கு விதிக்கப்பட்டதைத் தம்முடையதாக ஆக்கி, அதைக்கொண்டே மேடையின் நடுவில் நின்றதில் இருக்கிறது.

விருப்பமும் விதியும்

மூப்பின் கணக்கில் ஆணுக்கு ஓர் அளவுகோலும் பெண்ணுக்கு வேறோர் அளவுகோலும் உள்ளன என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 39. உலாக் கணக்கில் பேரிளம்பெண். ஆணின் நரை அனுபவமாகவும் பெண்ணின் நரை குறையாகவும் எண்ணப்படுவது தமிழகத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதற்கு அது சான்று.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் அழகு நிலையங்கள் மூடிக்கிடந்தபோது, தலைச்சாயம் பூசாமல் நரையை வளரவிட்ட பெண்கள் பலர். கதவுகள் திறந்தபின் சிலர் மீண்டும் சாயம் பூசினர்; சிலர் நரையையே வைத்துக்கொண்டனர். இரண்டில் எது சரி என்பது கேள்வியே அன்று. சாயம் பூசுவது பொய்யும் அன்று. நரையை விடுவது புரட்சியும் அன்று. வயதாகிவிட்டதே, இனி இந்த நிறம் எதற்கு, இந்தப் பூ எதற்கு என்று கேட்கும் ஊரின் குரலுக்குப் பணிந்து ஒன்றைச் செய்வது வேறு. கண்ணாடியின் முன் நின்று தன் மனத்தைக் கேட்டுச் செய்வது வேறு. முன்னது விதி, பின்னது விருப்பம். மீட்கப்பட வேண்டியது இளமை அன்று, இந்த விருப்பமே.

மீட்புக்கு மலையிலேயே ஓர் உவமை இருக்கிறது. 1820களில் சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பர். காப்பிச் செடி முதிர்ந்து காய்ப்புக் குறைந்தால் தோட்டத்தார் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவதில்லை, கவாத்துச் செய்கிறார்கள். பழைய தண்டிலிருந்தே புதுத் தளிர் எழுகிறது. பூப்பது பழைய வேரின் வலிமையால்தான்.

பிசிராந்தையார் சொன்ன சான்றோர் ஊர் இங்கேயே இருக்க முடியும். ஒரு பெண் கவிஞர் மேடையேறும்போது இளைத்துவிட்டீர்கள், பருத்துவிட்டீர்கள் என்னும் விசாரிப்புகளை விடுத்து, புதிதாக என்ன எழுதினீர்கள் என்று கேட்கும் அவை எதுவோ, அதுவே அவர் முகத்துக்கு ஒளி தரும் அவை. இவ்வட்டத்துக்குப் பத்து ஆண்டுகள் நிறைகின்றன. முதல் கூட்டத்துக்கு முப்பத்தைந்து வயதில் வந்தவர்க்கு இன்று நாற்பத்தைந்து. உலாப் புலவர்கள் பெயர் சூட்டாமல் விட்ட பருவம் அது. அதற்கு ஒரு பெயரைத் தர வேண்டிய கடமை இங்குள்ள கவிஞர்களுடையது. அப்பெயர் கிடைக்கும்வரை ஒன்றையாவது செய்யலாம். அடுத்த மலருக்குப் படம் கேட்கும்போது, ஒவ்வொரு கவிஞரும் அவ்வாண்டில் எடுத்த படத்தையே தரட்டும்.