தாங்கும் கால்கள்



1937 மார்ச் 20. ஹவாய்த் தீவுகளில் லூக் விமானத் தளம். உலகைச் சுற்றிவரக் கிளம்பிய அமேலியா ஏர்ஹார்ட்டின் சிறு விமானம், எரிபொருள் பாரத்தோடு ஓடுதளத்தில் விரைந்தது. திடீரென ஒருபக்கமாகத் திரும்பியது. சக்கரக் கால்கள் முறிந்தன. வயிறு தரையில் உரச, சறுக்கி நின்றது. உள்ளிருந்த மூவரும் காயமின்றித் தப்பினர்.

விமானம் என்றால் இறக்கைகளையே வியக்கிறோம். தாங்கும் கால்களை நினைப்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான். பிள்ளையின் தேர்ச்சியைக் கொண்டாடுகிறோம். விடியுமுன் அடுப்பு மூட்டும் தாயின் முழங்கால் வலியைக் கேட்பதில்லை.

அந்த விமானத்தைக் கப்பலேற்றி, கலிபோர்னியாவில் பழுதுபார்த்தார்கள். தளர்ந்து விழும் தாயை எந்தப் பட்டறைக்கு அனுப்புவோம்?

இன்றிரவு செபமாலை முடிந்ததும் அருகில் அமர்ந்து கேளுங்கள்: “நான் எதைச் செய்யட்டும், அம்மா?” முறியுமுன் பாரத்தைப் பகிர்வோம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.