தீவைக் காத்தவர்களைக் கேட்டோமா?

ஒரு தோட்டத்துக்குப் புதுக் காவல் போட எண்ணுவோர், இதுகாறும் அதைக் காத்து வந்தவர் யார் என்று முதலில் வினவுவது முறை. நிக்கோபார்த் தீவுகளைக் குறித்து நாம் அவ்வாறு வினவினோமா என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

நம் நாட்டின் தென்கோடி, பெரிய நிக்கோபார்த் தீவு. அதற்கு வடக்கே சின்ன நிக்கோபாரும், அதை அடுத்து மெஞ்சால், மெரோ என்னும் இரு சிறு தீவுகளும் உள்ளன. இவ்விரண்டும் ஆவிகள் உறையும் இடங்கள் என்பது தென் நிக்கோபார் மக்களின் நம்பிக்கை. ஆகவே அவர்கள் நினைத்தபோதெல்லாம் அங்கே செல்வதில்லை. சென்றாலும் தேவைக்கு மிஞ்சி எதையும் எடுப்பதில்லை. இதனை மூடநம்பிக்கை என்று நாம் எளிதில் தள்ளிவிடலாம். ஆயினும் மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து, அதன் வெப்பத்தில் முட்டை பொரிக்கச் செய்யும் மெகாபோட் பறவை மெஞ்சாலில் வாழ்கிறது. மெரோவைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. ஏட்டில் எழுதாத சட்டத்தின் பயன் இது அன்றோ?

பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு, ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்க 2022-ஆம் ஆண்டில் முதற்கட்ட அனுமதி கிடைத்தது. துறைமுகத்துக்குக் குறித்த கலத்தியா விரிகுடா, தோல்முதுகுப் பேராமைகள் முட்டையிடும் கரை. அதே ஆண்டில் மெஞ்சாலை மெகாபோட் சரணாலயமாகவும், மெரோவைப் பவளச் சரணாலயமாகவும், சின்ன நிக்கோபாரின் ஒரு பகுதியை ஆமைச் சரணாலயமாகவும் ஆக்க அரசாங்கம் முற்பட்டது. தம்மைக் கலந்துகொள்ளவில்லை என்பது தீவினரின் முறையீடு. திட்டத்துக்கு ஆகஸ்டில் அளித்த இசைவையும் அவர்களுடைய பழங்குடியினர் மன்றம் நவம்பரில் திரும்பப் பெற்றது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கு முன் தாம் வாழ்ந்த ஊர்களின் நிலமும் அதில் அடங்கும் என்பதைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று மன்றத்தார் எழுதினர்.

சரணாலயம் நல்லதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் காத்தவர்களையே அயலாராக்கி வெளியே நிறுத்தினால், தலைமுறைகளாக நின்ற காவல் கலைந்துபோகும். தொலைவிலிருந்து வரும் காவலருக்கு எந்தத் திங்களில் எந்தக் கரையை விட்டு விலகி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவர் யார்?

மரபறிவைப் போற்ற வேண்டும் என 1992-ஆம் ஆண்டின் உலகப் பல்லுயிர் உடன்படிக்கை கூறுகிறது. காட்டைக் காக்கும் உரிமை அங்கு வாழ்வோர்க்கும் உண்டு என நமது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கூறுகிறது. ஆகவே புதிய விதியை எழுதுமுன் தீவின் முதியோரை அழைத்து, அவர்களுடைய மொழியில் செய்தியைச் சொல்லி, அவர்கள் விடை கூறும்வரை பொறுத்திருப்போம். அவர்கள் வேண்டாம் என்றாலும் அதுவும் ஒரு விடையே என்று ஏற்கும் மனம் நமக்கு வேண்டும்.